அம்மா பெல்ட் போட்டிருந்தாள்

2025 ஜூன் 3, செவ்வாய், மாலை 6.40. இன்று லேபில் நான்கு கார் மோதல் சோதனை.

ஆள் அளவுப் பொம்மையைச் சீட்டில் சரியாக உட்கார வைக்கும்வரை பெல்ட் இழுத்து இறுக்காமல் தளர்வாக நிற்க ஒரு கிளிப் போடுவோம். மோதலுக்கு முன் கழற்றிவிட வேண்டும். அதில் ஒன்றை ஞாயிறன்று கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய் அம்மாவின் காரில் மாட்டிவிட்டேன். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று ஒரே புலம்பல். சீட்டை உயர்த்திக் கொடுக்க அரை நாள் ஆகும், யாருக்குப் பொறுமை? மெதுவாகத்தானே ஓட்டுகிறாள்.

ஜூன் 11

காவேரிப்பட்டினம் ரோட்டில் முன்னால் போன மாங்காய் லாரி சட்டென்று நின்றிருக்கிறது. அம்மா இடித்துவிட்டாள். விலா எலும்பு மூன்று உடைந்துவிட்டது.

ஜூன் 12

டாக்டர் கேட்டார்: "பெல்ட் போடலையாம்மா?"

"போட்டனே சார்."

அண்ணன் ராஜசேகர் என்னை வெளியே இழுத்துப்போனான். "மறந்துட்டு கதை விடறாங்கடா. அறுபத்தெட்டு வயசுல வண்டி எதுக்கு? நீ தினம் பொம்மைய இடிக்கறவன், நீயே சொல்லு. பெல்ட் போட்டிருந்தா நெஞ்சு ஸ்டியரிங்ல படுமா?"

"இந்த வேகத்துல படாது."

சொல்லிவிட்டேன். பிறகு அம்மாவின் கார் நின்ற மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். கிளிப் பெல்ட்டில் அப்படியே இருந்தது. கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லேபில் இருப்பதெல்லாம் நடுவயது ஆண் பொம்மை. அம்மா வயதில் போல இவ்வளவு சீக்கிரம் உடையும் விலா எதற்கும் கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்துதானே மாட்டினேன்?

ஜூன் 17

அம்மா சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். வண்டியை விற்கச் சொல்கிறாள்.

"அடுப்ப அணைச்சனான்னு ரெண்டு வாட்டி போய்ப் பாக்கறேன்டா. அன்னிக்கு பெல்ட்டும் போடல போல."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுதாகச் சாப்பிட்டேன். என்ன ஜென்மம்டா நீ.

ஜூன் 18

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 22, ஞாயிறு

கிளிப்பை அம்மா மடியில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் போட்டுத்தான் இருந்தேன்."

"ஆமாம்மா."

"இத அன்னிக்கே சொல்ல என்னடா நோவு உனக்கு? மூளை கலங்கிடுச்சோன்னு பயந்து செத்துட்டிருக்கேன், எருமை."

 உடனே பக்கத்து வீட்டு நாகம்மாளைக் கூப்பிட்டு, தான் பெல்ட் போட்டிருந்ததாகச் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

இனி:

1. அண்ணனிடம் அம்மா முன்னால் வைத்தே சொல்வது. போனில் அல்ல.
2. டாக்டரிடமும்.
3. சீட்டை உயர்த்துவது. அம்மாவை உட்கார வைத்து அளந்து.
4. சாவியை வாங்கி அவள் கையில் கொடுப்பது. ஓட்டுவதும் விற்பதும் அவள் இஷ்டம். நான் வாய் திறக்கக் கூடாது.