செம்பூர்ணா கடலும் அப்பாவின் மீசையும்

அன்பு மகள் ரதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே லோபாக்கில் நானும் உன் அப்பாவும் சுகம். நீ சுகமா, உன் கடல் சுகமா? முன்பெல்லாம் உன்னை மட்டும்தான் விசாரிப்பேன். இப்போது நானே அதற்குள் இறங்கப் போகிறேன் என்றான பிறகு அதையும் ஒரு வார்த்தை விசாரித்து வைப்போமே என்று தோன்றுகிறது. போனில் பேசலாமே என்பாய். உன் தீவில் லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. இங்கேயோ நான் போனை எடுத்ததும் உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பேசவும் மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். அதனால் அவர் செண்டாயான் தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

தாவாவ் வரை விமானம், அங்கிருந்து வேனில் செம்பூர்ணா, பிறகு படகு என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் கூடுகிறது. வாயால்தான் மூச்சு விட வேண்டும் என்கிறாயே, இருமல் வந்தால் என்ன செய்வது, தும்மல் வந்தால்? மூச்சை மட்டும் அடக்கவே கூடாது என்று அடியில் கோடு போட்டிருக்கிறாய், ஏன் என்று எழுதவில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிர்வீட்டுத் தாயம்மாவே தெரியாது, ஆமை பக்கத்தில் வந்தால் எப்படித் தெரியும்? இரவில் மீன்கள் தூங்குமா, தூங்கினால் கண்ணை மூடுமா? தாலியைக் கழற்றச் சொல்லிவிடாதே, அந்த ரப்பர் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு எழுது. கடைசியாகக் கடலுக்குள் இறங்கி ஒரு நாளாவது கழியாமல் விமானம் ஏறக் கூடாதாமே, அது என்ன கணக்கு என்றும் விளக்கமாகச் சொல். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிவந்து, குளியலறை வாளியில் முகத்தை முக்கிப் பார்த்தேன். வாளியின் அடியில் ஒட்டியிருந்த சோப்புத் துண்டு தெளிவாகத் தெரிந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். உன் அப்பா கதவைத் தட்டி, "உள்ள என்னா செய்யறே, வழுக்கி விழுந்துட்டியா" என்று சத்தம் போட்டார். பதில் சொல்ல முகம் தண்ணீரில் அல்லவா இருந்தது. மறுநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடியே மிளகாய் தாளித்தேன். அதை மட்டும் யாருக்கும் சொல்லித்தராதே, தொண்டை எரிந்துவிட்டது.

இனி அவர் விஷயம். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கடலில் முக்குளிக்கச் சொல்லித்தரப் போகிறேன் என்று நீ கிளம்பின நாளிலிருந்து அவர் உன்னோடு பேசவில்லை. அந்தத் தொழிற்சாலை வேலைக்காக, தான் காவல் நிற்கிற வாசலில் பெரிய அதிகாரிகளிடம் கைகட்டி நின்று கேட்டவர் அவர். அந்த வலி அவருக்கு. இரண்டு தீபாவளி உன் பெயர் இல்லாமலே வீட்டில் கழிந்தது. பேச வேண்டி வந்தால் "அந்தப் பிள்ள" என்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்கிற மாதிரி. நீ எங்கள் இருவரையும் வரச் சொல்லி எழுதியதும் எனக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இந்தத் தடவையும் அவர் வராவிட்டால் நீங்கள் இருவரும் கடைசிவரை இப்படியே இருந்துவிடுவீர்களோ என்ற பயம்தான்.

உன் கடிதத்தை அவர் சாப்பிடும்போது சுவருக்குப் படித்துக்காட்டுகிற மாதிரி சத்தமாகப் படித்தேன். அவர் சாப்பிட்டு எழுந்தார். கை கழுவும்போது மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டு, அங்கே தண்ணீர் குளிருமா என்று கேட்டார். குளிராதாம், ஆறின வெந்நீர் மாதிரி இருக்குமாம் என்று நானும் குழாயிடமே சொன்னேன். அப்புறம் தெமியாங் கிளினிக்கில் வேலை செய்கிற நம் ஃபிளோராவைக் கடையில் பார்த்தேன். "அங்கிள் வந்து பிரஷர் பார்த்தாரு ஆன்ட்டி, கடலுக்குள்ள போவலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டாரு லா" என்றாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போகலாம் என்றாராம் டாக்டர். வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இந்த மனுஷன் எதுவரை போவார் என்று பார்க்க எனக்கு ஆவல் தாங்கவில்லை. அதனால் அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டில், முக்குளிக்கப் போடுகிற முகமூடிக்கு அடியில் மயிர் இருந்தால் தண்ணீர் உள்ளே கசியும், பெரிய மீசைக்காரர்கள் பாடு கஷ்டம் என்று நீ எழுதிய வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன்.

அந்த மீசை உனக்குத் தெரியாததா? எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்த காலத்திலிருந்து வளர்த்தது. உன் தாத்தா இறந்தபோது ஒரே ஒரு தடவை எடுத்தார். எஸ்டேட்டை விற்றார்கள், வீடு போனது, வேலை போனது, மீசை மட்டும் கூடவே வந்தது. சனிக்கிழமை காலை மணியத்தின் முடிவெட்டும் கடைக்குப் போனவர், மேலுதடு வெளுத்து, வேறு யாரோ மாதிரி திரும்பி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுத் தாயம்மா ஒரு பிளாஸ்க் காப்பியும் ரொட்டியுமாகக் கண் கலங்க ஓடி வந்துவிட்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று பாவம் பதறிப் போட்டு எடுத்து வந்திருக்கிறாள். "யாருண்ணே, எப்ப?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்து வாசலில் நின்றார்கள். உன் அப்பா எல்லோரையும் பார்த்து நிதானமாக, "யாரும் சாவல லா. எம் மக கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறா, மீச இருந்தா தண்ணி ஏறுமாம்" என்றார். எம் மக என்றார், ரதி. அத்தனை பேர் முன்னால். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது, உள்ளே ஓடிவிட்டேன். அதைப் பார்த்த தாயம்மா, சாவைத்தான் மறைக்கிறோம் என்று நினைத்து மறுபடியும் அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து அந்தக் காப்பியைத்தான் குடித்தோம்.

ஆகவே இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு. அவரைத் தண்ணீருக்குள் நீயே கையைப் பிடித்துக் கூட்டிப்போ, வேறு ஆளிடம் விடாதே. வெயிலில் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, தலையை நன்றாகத் துவட்டு. மாரியம்மன் உனக்கும் உன் கடலுக்கும் துணையிருக்கட்டும். நூறு வயசு நன்றாக இரு.

முக்கியமாக ஒன்று. நீ அதே வரிக்குக் கீழே, மீசையை எடுக்க வேண்டியதில்லை, கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அதை நான் அவருக்குப் படிக்கவில்லை. அங்கே மீசைக்காரர் யாராவது வாஸ்லின் தடவிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றால், நீதான் எப்படியாவது சமாளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா குமுதவல்லி,
அப்பா இராஜமாணிக்கம்.
(காலையில் வேலைக்குக் கிளம்பும்போது காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "லெட்டர் போட்டா எம் பேரையும் போடு" என்றார்.)