அவரைப் புதைத்த இடம்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அவருக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முறையாக நடந்ததா என்று கேட்டிருக்கிறாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

முதலில் நம்மவர்கள் இடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனேன். “வேற மதத்துக்காரர்மா, மன்னிச்சுக்கோங்க” என்றார்கள். அவருடைய ஆட்களிடம் போனேன். “உன்னைக் கட்டின அன்னைக்கே எங்களுக்கு அவன் செத்துட்டான். இப்ப எதுக்கு வந்து நிக்கிற?” என்றார் அவருடைய அண்ணன். எந்த மதமும் வேண்டாமென்று வாழ்ந்த மனுஷன், அடிபட்ட நாய்களை ஏற்றிவர அவரே ஓட்டிய வண்டியில், வெயிலில் கிடந்தார்.

கடைசியில் அவர் வேலை பார்த்த மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், “பின்னாடி நம்ம இடம் இருக்கே, உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

நம்மவர்கள் இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார். கூலியை நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். “குழி வெட்ட மட்டும்தாம்மா அவங்களுக்கு நான் வேணும். நாளைக்கு நான் செத்தா எனக்கும் அங்க இடம் கிடையாது.”

லாரி மோதிச் செத்த ஒரு கழுதைக்குப் பக்கத்தில் அவரைப் படுக்க வைத்தோம். அது செத்த அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. யாரும் எதுவும் ஓதவில்லை. கூண்டு நாய்கள் மட்டும் ஓயாமல் குரைத்தன. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் அப்படித்தான் குரைக்கும்.

அக்கா, நான் போய்ச் சேர்ந்தால் உனக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அப்போது நம்மவர்கள் எனக்கு இடம் தருவார்கள். வாங்கிவிடாதே.

உன் தங்கை