காப்புக் கட்டிய எட்டு நாள்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை சிவகங்கை கோர்ட்டில் சாட்சி. லீவு லெட்டர் எழுத வேண்டும். நீலச் சேலைக்கு இஸ்திரி.

பள்ளிப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிப் போனவன் என் சித்தப்பா மகன். தம்பி முறை. என் வகுப்புப் பிள்ளையிடம் அவன் செய்ததற்குப் போக்சோ வழக்கு. புகார் கொடுத்தவள் நான். பிள்ளையின் பெயரை இங்கேகூட எழுதமாட்டேன். பி. போதும்.

ஒரு வருடத்துக்கு மேலாகப் பங்காளி வீடுகளில் என்னோடு பேச்சில்லை. இன்று கடையில் அவனைப் பெற்ற சின்னம்மா வாயைத் திறந்தார், அதுவும் கடைக்காரரிடம். "தம்பிய ஜெயிலுக்கு அனுப்புன மவராசி வந்திருக்காக. முதல்ல அவுகளக் கவனிங்க." உளுந்து வாங்காமலே வந்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. இட்லிக்கு மாவில்லை, அதுதான் நஷ்டம்.

ஆக. 5, செவ்.
சட்டப் புத்தகம் மறுபடியும்.
– பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் குறைந்தது இருபது வருடம். சாகும்வரை ஜெயிலும் உண்டு, தூக்கும் உண்டு.
– ராஜி கிடையாது. (பேசித் தீர்க்கலாம் என்று சித்தப்பா ஆள் அனுப்பினார். எதைத் தீர்ப்பது?)
– தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை, அல்லது அபராதம்.

கடைசி வரி எனக்கு. பி. என்னிடம் சொன்னது போன வருடம் அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள். காப்புக் கட்டினால் ஊருக்குள் வழக்கு, வம்பு கூடாது; போலீஸ் வரக் கூடாது. என் வீட்டில் முளைப்பாரி வேறு போட்டிருந்தேன். அதை ஊருணியில் கரைக்கும்வரை பேசாமல் இருந்தேன். எட்டு நாள். போலீசிடம், திருவிழா முடிந்த அன்றுதான் பிள்ளை சொன்னாள் என்றேன். வெட்கம். வேறு வார்த்தை இல்லை.

ஆக. 7, வியா.
தூறல். பி.யின் அம்மா மொச்சைக் குழம்போடு வந்தாள். இந்தத் தெருவில் என் படி ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்.

"தனியா இருந்தா சமைக்கமாட்டீக. சாப்பிடுங்க டீச்சர்."

பிறகு, தயங்கித் தயங்கி: "கோர்ட்டுல எம்பிள்ள, முளைப்பாரி வளர்றப்பவே டீச்சர்ட்ட சொன்னேன்னு சொல்லிருச்சு. சின்னப்பிள்ள, நாளு குழம்பிருச்சு. நீக கோவிச்சுக்கிறாதீக."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். சொல்லிவிட வாயெடுத்தேன்; முடியவில்லை. இவளும் போய்விட்டால் யாரோடு பேசுவேன்? கோழை நான்.

அரசு வக்கீலம்மா போனில்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க டீச்சர், போதும்."

ஆக. 8, வெள்ளி
ஏழு மணி பஸ். பி.யும் அவள் அம்மாவும் கூடவே. பி. வெளியே, கோர்ட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவோடு படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா உள்ளே, பின் பெஞ்சில்.

தம்பி இளைத்திருக்கிறான். என்னையே பார்த்தான்.

அவனுடைய வக்கீல் கேட்டார்: "முளைப்பாரி வளரும்போதே சொன்னேன் என்கிறது பிள்ளை. திருவிழா முடிந்துதான் சொன்னது என்கிறீர்கள் நீங்கள். அப்படியானால் பிள்ளை பொய் சொல்கிறது, சரிதானே?"

அவள் சொன்னதுதான் நிஜம், பொய் சொன்னது நான் என்றேன். காப்பு, முளைப்பாரி, எட்டு நாள், எல்லாம் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். எனக்கு என்ன வரும், தெரியவில்லை. வரட்டும்.

பஸ் ஸ்டாண்டில் பி.யின் அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே:

"அந்த எட்டு நாளும் நாந்தான டீச்சர் தலசீவி அவன் ஆட்டோவுல ஏத்திவிட்டேன்."

எங்கள் ஊர் வழியாகப் போகும் காரைக்குடி பஸ் வந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் ஏறவில்லை.