பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே.

ஆசிரியர் பயிற்சிக்கு எங்களை அனுப்பியிருக்கும் பள்ளியில் இன்று என் அறைத்தோழி பயிற்சிப் பாடம் நடத்தினாள். மதிப்பெண் போடும் அதிகாரி வருவதற்கு முன், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை வகுப்பாசிரியை எழுப்பி, உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறைக்கு ஓட்டிவிட்டார். அந்த இடங்களில் பக்கத்து அறையிலிருந்து மேல் வகுப்புக் கெட்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். போன வருடமே படித்த பாடத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். அதிகாரி அவளை மெச்சினார்.

உடைந்த பெஞ்சு அறையில் இருந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். ஒரு வாண்டு, "டீச்சர், உங்க பாடத்துக்கும் நாங்க இங்கதான் உக்காரணுமா?" என்று கேட்டாள்.

நாளை என் முறை. "உனக்கும் நல்லதாப் பொறுக்கித் தரேன்மா," என்றார் வகுப்பாசிரியை. கத்திரிக்காயா வாங்குகிறோம்?

"வேண்டாம் மேடம், என் பிள்ளைங்களே போதும்," என்று சொல்லிவிட்டேன்.

"ஃபெயிலானா உங்க வீட்டுல நீயே சொல்லிக்கோ!" என்றார் அவர்.

அதனால்தான் இப்போதே சொல்கிறேன், அம்மா. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவை. இங்கே போர்வை ஒரே முடைநாற்றம், உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது. திட்டுவதாக இருந்தாலும் இரண்டு பக்கம் எழுது.

உன் மகள்