நாற்பத்தேழு அம்மன்களும் ஒரு வலைப்பூவும்

வந்தாறுமூலை
29.06.2025

அன்பு மகள் மேனுகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு விசயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லாமல் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ எடுத்தால் அழுகிறாய், நான் எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து குந்திக்கொள்கிறார், இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லக்கூடிய விசயம் இல்லை இது. போன முறை கதைத்தபோது நீ இரண்டு சொன்னாய். நான்கு வருடமாக, ஊருக்கு வரும்போதெல்லாம் எடுத்து வைத்து, வாவி, வயல் வட்டை, சமையல் என்று வீடியோ போட்டு எண்பதினாயிரம் பேரைச் சேர்த்த உன் பேஸ்புக் பக்கத்தைக் கம்பனிக்காரன் பூட்டிவிட்டான், இனிமேல் ஒன்றும் செய்யமாட்டேன் என்றாய். அடுத்தது, மெல்பேர்னில் உன்னோடு ஒரே வீட்டில் இருந்து அந்த வீடியோக்களை வெட்டி ஒட்டித் தந்த அகீலாதான் பொறாமையில் உன்னைப் போட்டுக்கொடுத்தவள், அவளை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டேன் என்றாய். மகள், முதலாவது அவசரத்தில் எடுத்த முடிவு. இரண்டாவது சுத்தப் பிழை. உன் பக்கத்தைப் பூட்ட வைத்தது உன் அப்பா. அகீலாவை உன்னிடம் மாட்டிவிட்டது நான். உட்கார்ந்து வாசி.

அம்மன் கோயில் சடங்கில் ஒவ்வொரு குடிக்கும் ஒவ்வொரு நாள் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் ஐந்தாம் நாள் அப்பாவின் குடிக்கு. அன்று பகல் பூசை முடிந்து சனம் அன்னதானத்துக்குக் காத்திருக்கும் நேரம் பார்த்து உன் அப்பா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்திருக்கிறார். நான் வீட்டில் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், குரல் சன்னலால் வந்தது. “எல்லாரும் கேளுங்க. கையில போன் இருக்கிறவங்க போன எடுங்க. நம்மட மேனுகாட பக்கத்துக்குப் போய் நான் சொல்லுறத அப்படியே எழுதுங்க. போன் இல்லாதவங்க றிஸ்லான்ட கடைக்கு முன்னால வரிசையா நில்லுங்க. அதுக்கு மறுகாதான் சோறு” என்கிறார். கோயில் வீதியில் போன் கடை போட்டிருந்த றிஸ்லான் பாவம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வான், பேஸ்புக் எந்தப் பக்கம் என்று தெரியாத கிழவன் கிழவிகளுக்கெல்லாம் தன் கடை வைபையில் நின்ற நிலையில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறான். படம் கேட்டதாம், எல்லாருக்கும் தனித்தனியாகப் படம் பிடிக்க நேரமில்லை, கையில் இருந்த அம்மன் படத்தைப் போட்டுவிட்டிருக்கிறான். அப்படி நாற்பத்தேழு கணக்கு. நாற்பத்தேழு அம்மன்கள் ஒரே மணித்தியாலத்தில் உன் இறால் சொதி வீடியோவுக்குக் கீழே வந்து “மட்டக்களப்பின் மானம் காத்த மகளே வாழ்க” என்று எழுதியிருக்கிறார்கள். இறால் சொதியில் மட்டக்களப்பின் மானம் எந்த இடத்தில் காப்பாற்றப்பட்டது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பாய். குடி தாய்வழி வருவது, நீ என் குடி, அப்பாவின் குடி இல்லை. அடுத்த நாள் எங்கள் குடிக்கு. உன் மாமா சுபாகரன் விடுவானா? “புள்ள எங்கட குடி. அவங்கட ஆக்கள் போன அமத்துவாங்க, நாம வாயப் பாத்துக்கொண்டு நிக்கிறதா?” என்று கேட்டு, எண்பத்தாறு பேரைத் திரட்டி, அதே கடை, அதே வைபை, வசனத்தில் மட்டும் ஒரு திருத்தம், “மகளே” இருந்த இடத்தில் “மருமகளே”. எண்பத்தாறு பேருக்கும் நீ மருமகள். அன்று பின்னேரம்தான் உன் பக்கம் பூட்டப்பட்டது. நீ அனுப்பிய கம்பனிக் கடிதத்தில் வழமைக்கு மாறான கூட்டு நடவடிக்கை என்று இருந்ததல்லவா, அந்தத் திகதியையும் நேரத்தையும் நான் றிஸ்லானிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவரும் உன்னைப் போட்டுக்கொடுக்கவில்லை. உன் சொந்தங்கள் உன்னை வாழ்த்தி வாழ்த்தியே மூடிவிட்டார்கள்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப அடுத்த கோயில்ல ஐந்நூறு பேரைக் கூப்பிட்டு ஒரு மன்னிப்பு எழுதச் சொல்லுவமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவருடைய போன் சார்ஜர் என் அலுமாரியில் இருக்கிறது. நீ அவரோடு கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழும்பியதும் உன் பக்கத்தைத் திறந்து, இல்லை என்று வருவதைப் பார்த்த பிறகுதான் பல் தீட்டப் போகிறார். உன்னிச்சைக்கு வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலும் பார்ப்பாராக்கும். மேன்முறையீட்டுக்கு என்று குடி என்றால் என்ன, சடங்கு என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அனுப்பிப் பார். வாசிப்பது மனிதனா இயந்திரமா தெரியாது, மனிதனாக இருந்தால் சிரித்துவிட்டாவது திறக்கலாம். ஆனால் அதை நம்பிக் குந்திக்கொண்டு இராதே.

இனி என் பங்கு. அகீலாவின் கணினியில் உன் வீடியோக்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்ததைக் கண்டாய், களவெடுத்திருக்கிறாள் என்றாய், எதற்கு என்று கேட்டதற்கு அவள் வாய் திறக்கவில்லை என்றாய். அவற்றை எடுத்து வைக்கச் சொன்னவள் நான். வாய் திறக்க வேண்டாம் என்று வாக்கு வாங்கியவளும் நான். நீ போனில் அதைச் சொன்னபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வெட்கம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். போன வருடம் தொடக்கம் நான் ஒரு வலைப்பூ எழுதுகிறேன். உன்னை ஊர் வேடிக்கை பார்க்கிற வேலை பார்க்காதே என்று நான்கு வருடம் ஏசிய அதே அம்மாதான்.

தொடங்கியது உன் பிழை திருத்தத்தான். ஜப்பான் மீனை, அதுதான் திலாப்பியாவை, கையில் பிடித்துக்கொண்டு இது நம் மூதாதையர் உண்ட மீன் என்று ஒரு வீடியோவில் சொன்னாய், நினைவிருக்கிறதா? அந்த மீன் ஆபிரிக்காவில் பிறந்து, ஜப்பான் என்று பேர் வைத்துக்கொண்டு, எழுபது வருடத்துக்கு முன்னர்தான் இந்த நாட்டுக்கு வந்தது. இரண்டு இலட்சம் பேர் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, இருபத்துமூன்று வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருத்தியின் மகள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நீ நாற்பது செக்கனில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அகீலாவிடம் கேட்டேன், அவள் அதைப் பதிவுகளாக ஏற்ற வழி செய்து தந்தாள், உன் முழு வீடியோக்களையும் தேடிச் சேர்த்து வைத்தாள். இப்போது முப்பத்தொரு பதிவு இருக்கிறது.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். உனக்கு அது தூசு. ஆனால் என் வகுப்பில் நாற்பது பேர் வந்தால் நான் கதிரை தேட வேண்டும் மகள். அந்த நாற்பது பேரும் விரலால் தள்ளிக்கொண்டு போகிற வழியில் தட்டுப்பட்டவர்கள் இல்லை, எதையோ தேடிக்கொண்டு வந்தவர்கள். கட்டாரில் ஒரு முகாமில் சமைக்கிற தம்பி ஒருவர் மாங்காய் போட்ட சொதி அடுத்த நாள் ஏன் கைக்கிறது என்று கேட்டார், பதில் எழுதினேன், செய்து பார்த்துவிட்டு அவரும் எழுதினார், இப்போது அவர் சொன்ன திருத்தமும் அந்தப் பதிவில் இருக்கிறது. போன வருடம் மீன் முட்டையிடும் காலம் பற்றி எழுதியதற்கு அன்று ஏழு பேர் வந்தார்கள், இந்த மாதம் மட்டும் முன்னூறு. உன் மூன்று வருடத்துக்கு முந்திய வீடியோவை யார் தேடிப் பிடிப்பது? அது ஓடியது ஓடியதுதான். உன் பக்கம் பூட்டிய கிழமைதான் எனக்கே விளங்கியது. உன் பேரைத் தேடிய சனம் போக இடமில்லாமல் என் வலைப்பூவுக்கு வந்தது, ஒரு நாளில் அறுநூறு பேர். அந்தப் பிள்ளை எங்கே, உடம்பு வருத்தமா, கலியாணமா, செத்துப்போனாவா என்று விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. அது நீ எழுத வேண்டிய பதில்.

வீடியோவை விட்டுவிடு என்று சொல்கிறேன் என்று எடுக்காதே. மீன்காரன் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடிக்காவிட்டால் ஒருவரும் படலைக்கு வரமாட்டார்கள். ஆனால் ஹோர்னை யாரும் காய்ச்சித் தின்பதில்லை. நீ நான்கு வருடம் ஹோர்ன் மட்டும் அடித்தாய், பெட்டியைத் திறந்து காட்டவில்லை. முதலில் ஆறுதலாக எழுது, எழுதியதிலிருந்து மூன்று நான்கு துண்டை வெட்டி வீடியோவாகப் போடு, மிச்சம் வேண்டுமானவர் இங்கே வாருங்கள் என்று சொல், வந்தவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்கி வை. நாளைக்கு இன்னொரு கம்பனி இன்னொரு பக்கத்தைப் பூட்டினாலும், முகவரி உன் கையில் இருந்தால் இடம் மாறிவிட்டேன் என்றாவது சொல்லலாம். நாடகத்தனமான பாட்டைக் குறை. வாவியில் பாடும் மீனைப் பற்றி இனி ஒரு சொல்லும் வேண்டாம், இந்த ஊரில் மீனைத் தவிர மற்ற எல்லாரும் பாடியாயிற்று.

எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. என் அம்மாவின் வீடு எனக்கு வந்தது, இந்த வீடு உனக்கு. மாப்பிள்ளை எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து இருப்பான், இருந்துகொண்டு வீட்டுக்காரன் மாதிரிக் கதைப்பான், உறுதிப் பத்திரம் அவள் பேரில் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த நீ நான்கு வருட உழைப்பையும் உறுதி இல்லாமல் முன்பின் தெரியாதவன் வளவில் கொண்டுபோய்க் கட்டினாய். அதனால் அந்த வலைப்பூவுக்குச் சொந்தமாக இணைய முகவரிப் பேர் ஒன்று எடுத்து உன் பேரில் பதிந்திருக்கிறேன். கடவுச்சொல் தனித் துண்டில் இருக்கிறது. என் பதிவுகளில் பிடிக்காததை அழி, ஜப்பான் மீனை மட்டும் தொடாதே.

நேற்று ஏறாவூருக்குப் போய் அகீலாவின் உம்மா நஸீபாவைக் கண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், “அல்லாஹ், நாப்பத்தேழு பேருமா டீச்சர்? ஒங்கட மனிசன ஒரு தேர்தலுக்கு விட்டா என்ன!” என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “எங்கட புள்ள மூணு கெழமையா மச்சான்ட ஊட்டு ஹோல்ல படுக்கிறா. என்னடி நடந்த எண்டு கேட்டா, ஒண்டுமில்ல உம்மா எண்டுறா. ஒங்களுக்குக் குடுத்த வாக்கு, எனக்கிட்டயும் சொல்லல்ல. இதச் சொல்லவா இவ்வளவு வெயிலுக்குள்ள வந்தீங்க? பிழை சொன்னது ஒங்கட புள்ள. மன்னிப்புக் கேக்க வாறது உம்மாவா?” என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். சீனி போட்டிருந்தாவா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

என் பிழைக்கு அகீலாவுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். உன் பிழையை நீதான் பார்க்க வேண்டும். இதில் நான் அறிவுரை சொல்ல வரவில்லை, வாய் திறக்க வேண்டிய நேரத்தில் பொத்திக்கொண்டு இருந்தவளுக்கு அந்தத் தகுதி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை மறவாதே, அங்கே செய்கிற வேலையை விடுகிற யோசனை இருந்தால் முதலில் எனக்குச் சொல், ஏசாமல் கேட்பேன் என்று உறுதி தரமாட்டேன், கேட்பேன். அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அவர் சொல்லச் சொன்னது ஒரு பக்கம் வரும், நான் இத்தோடு சுருக்கிக்கொண்டேன்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அகீலாவின் தம்பி அம்ஜத் வெள்ளிக்கிழமை மெல்பேர்னுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்து, அக்காவின் கையில் கொடு, அவள் உன் கையில் கொடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் நான்கு வருட வீடியோவும் இருக்கிற வன்தட்டை அவள் பையில் கொண்டு வருவாள். உன்னை எனக்குத் தெரியும். கடிதத்தை வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருப்பாய். அவளையும் தெரியும், நீ வாசித்து முடிக்கும்வரை போகமாட்டாள். அங்கே இப்போது குளிர்காலம் மகள். கடிதத்தை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திற.

இப்படிக்கு,
உன் அம்மா
கலாஜினி கோகுலராஜ்