மூளை காய்ச்சும் மருந்து

கோவில்பட்டி, 1987

அன்பு மருமகளுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். என் தங்கச்சி மகள் நலமாகத்தான் இருப்பாய்.

நேற்று உன் மருந்துச் சீட்டோடு மதுரையில் பெரிய டாக்டரைப் பார்த்தேன். என் கேள்விகளைக் கேட்டு மனுஷன் எழுந்தே நின்றுவிட்டார். மூளை தனக்குத்தானே ஒரு மருந்து காய்ச்சுதாம். ஒரு நரம்பு இன்னொரு நரம்பை 'அடங்கு' என்று அதட்டும்போது, அந்த அதட்டலுக்கு அதுதான் பலமாம். மாதவிலக்கை ஒட்டி அது குறையவும், நரம்பெல்லாம் மூக்கணாங்கயிறு அறுந்த காளையாக ஓடுதாம். அதுதான் உன் வலிப்பு. சீமையிலேயே இப்போதுதான் கண்டுபிடித்தார்களாம். எனக்கு முன்னமே சந்தேகம் உண்டு.

உன்னைப் பெண் கேட்டிருந்த எட்டயபுரத்து மாப்பிள்ளை வீட்டார் இன்னைக்குக் காலையில வந்தாவ. "தீட்டு நாள்ல பிள்ளைய பேய் அடிக்குதாமே, அண்ணாச்சி?" என்றாவ.

"என்னைத் தாண்டி எந்தப் பேய் வீட்டுக்குள்ள வரும், வே?" என்று கேட்டுவிட்டு, காளைக் கதையையும் விளக்கினேன். வாங்கிவைத்த கலர் சோடாவை உடைக்குமுன்னே கிளம்பிட்டாவ. நாமதான் வேண்டாம்னுட்டோம், அப்படியே வச்சுக்கோ.

படிப்பை விட்டுட்டு வாரேன்னு எழுதியிருந்தாயே, அது நடக்காது. மாத்திரையை விடாதே, டீச்சர் பரீட்சையை எழுது. ஒருநாள் அவியளே பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உன் வகுப்பு வாசலில் நிப்பாவ.

அன்னைக்குப் பிள்ளையைச் சேர்த்துக்கோ, தாயி.

உன் தாய்மாமன்