சுற்றி நாலு முகாம்

13 மே 1998, புதன்

வெசாக் பண்டிகைக்குக் கட்டிய காகிதக் கூடுகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. மழையில் ஊறித் தொங்குகின்றன. கடைவாய்ப் பல் மறுபடியும் குத்துகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றபடியே போனேன்.

என் பிரெஞ்சு வகுப்பில் எல்லாருக்கும் பிரான்சில் புருஷனோ அண்ணனோ இருக்கிறார்கள், எல்லாருக்கும் அவசரம். ஆனால் இடம், வலம், முன், பின் மட்டும் மண்டையில் ஏறாது! கடைசியில், எனக்குப் பிரெஞ்சு படிப்பித்த கன்னியாஸ்திரி மதர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது தந்த படக்கதையை எடுத்தேன். பழைய காலத்துப் பிரான்சில் இருந்த கோல் சனங்களின் பகிடிக்கதை, அந்த வரிசையில் முதலாவது புத்தகம். நாடு முழுவதும் ரோமர் கையில், ஒரு சின்ன ஊர் மட்டும் மசியவில்லை. கதை தொடங்கமுன் ஒரு வரைபடம்: நடுவில் ஊர், சுற்றி நாலு முகாம். பெயர்களை டிப்பெக்ஸ் பூசி மறைத்து அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். எது எந்தப் பக்கம் என்று முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு பிரெஞ்சில் சொல்லுங்கள் என்றேன். அ கோஷ், இடது. அ துருவாத், வலது.

றஞ்சிதம்தான் டக்கென்று பிடித்துக்கொண்டாள். 27ஆம் தேதி பிரெஞ்சு எம்பசியில் அவளுக்கு விசா இன்டர்வியூ. கலியாணம் முடித்த கையோடு போன புருஷன் நாலு வருஷமாகப் பாரிசில் கோப்பை கழுவுகிறான். "டீச்சர், அவரின்ர முகமே மறந்துபோகுது" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

15 மே, வெள்ளி

றஞ்சிதம் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

16 மே, சனி

காய்ச்சல் இல்லை. ஐயோ, காய்ச்சலாகவே இருந்திருக்கக் கூடாதா?

அவள் தங்கியிருக்கும் லொட்ஜின் முதலாளி சவுந்தரநாயகம் படியிலேயே என்னை மறித்தார். "டீச்சர், பிள்ளையை வியாழக்கிழமை செக்பொயின்ற்றில பிடிச்சிட்டாங்கள். பேக்குக்குள்ள ஒரு மெப் இருந்ததாம். காம்ப் எல்லாம் கீறி, தமிழில எழுதி. நடுவில ஊர், சுத்தி நாலு காம்ப்."

ஐ.சி. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், பையில் முகாம் வரைபடம். புலி என்று பிடிக்க அவங்களுக்கு வேறென்ன வேணும்?

"என்ன மெப் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் கணவர் ஒஸ்வால்டிடம் சொன்னேன். மனிதர் துறைமுக வேலையால் வந்து சட்டைகூடக் கழற்றவில்லை. "அந்தப் புத்தகம் இங்கயா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எரி என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் எரித்தேன். வழவழப்புத் தாள், இலேசில் பற்றாது, மண்ணெண்ணெய் ஊற்றவேண்டியிருந்தது. சாம்பலைக் குசினிச் சிங்கில் தண்ணீர் விட்டுக் கரைத்துவிட்டேன்.

17 மே, ஞாயிறு

பூசையில் நடுப்பிரசங்கத்தில்தான் உறைத்தது. அந்தத் தாள் ஒரு பகிடிப் புத்தகத்தின் பக்கம் என்று காட்ட உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் புத்தகம்தான். அதை எரித்துப்போட்டு இங்கே முழங்காலில் இருக்கிறேன்! மடைச்சி. படித்த மடைச்சி. நற்கருணை வாங்கப் போகவில்லை.

18 மே, திங்கள்

மருதானை பழைய புத்தகக் கடைகள், கோட்டை, கொள்ளுப்பிட்டி — எங்கும் இல்லை. ஒரு கடையில் "போன மாசம் இருந்துச்சே மிஸ்" என்றான். போன மாதத்தை வைத்து நான் என்ன செய்ய? மற்றப் பிள்ளைகளிடம் கொப்பியைக் கேட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் கிழித்துக் கடலில் போட்டுவிட்டார்களாம். சொல்லிக்கொடுக்காமலே எவ்வளவு கெட்டிக்காரர்கள்.

19 மே, செவ்வாய்

கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினேன். தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருபவர் அவர். நான் தொலைக்கவில்லையே, எரித்தேனே. எரித்ததுக்கு எந்தப் புனிதர்? சனத்துக்கு நடுவில் வாய்விட்டே சண்டை பிடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் தள்ளிப்போய்விட்டாள்.

20 மே, புதன்

போனேன். இவ்வளவு நாள் பொலிசுக்குப் போகாமல் இருந்ததுதான் அநியாயம்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.யிடம் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன்: நான் பிரெஞ்சு டீச்சர், அது பாடம், பகிடிப் புத்தகத்தின் பக்கம். "புத்தகம் எங்கே மிஸ்?" எரித்துவிட்டேன் என்று சொல்லவா முடியும்? தேடுகிறேன் என்றேன். அவர் என் ஐ.சி.யை வாங்கி எழுதிக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் றஞ்சிதத்தை சி.ஐ.டி.யின் நாலாம் மாடிக்கு விசாரணைக்கு அனுப்புவாராம். கொண்டுவராத டீச்சரையும் பற்றி யோசிக்க வேண்டிவருமாம். அதைச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

அவளைப் பார்க்க விடவில்லை.

21 மே, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. பல்லா, பயமா என்று தெரியவில்லை.

22 மே, வெள்ளி

வீங்கிய கன்னத்தோடு பாமன்கடைப் பல் டொக்டரிடம் போனேன். காத்திருக்கும் இடத்தில் பழைய சஞ்சிகைக் குவியல். எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன் — கோல்காரர்! ஆங்கிலத்தில், அட்டை கிழிந்து, வரிசையில் பிந்திய ஒரு புத்தகம். திறந்தால் அதே வரைபடம். நடுவில் ஊர், சுற்றி நாலு முகாம். அங்கேயே குந்தி அழுதேன். நேர்ஸ் பல்வலி என்று நினைத்து என்னை முதலில் உள்ளே விட்டாள்.

டொக்டர் சிங்களவர், வயதானவர். வாயில் பஞ்சோடு என்னத்தைச் சொன்னேனோ, எவ்வளவு விளங்கினதோ. "கொண்டுபோங்க மிஸ். பேரப்பிள்ளையின்ர. கேட்டால் நான் சமாளிக்கிறன்" என்றார். என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

எரித்துப்போட்டவளுக்கும் இரங்கினீரே, அந்தோனியாரே.

23 மே, சனி

ஓ.ஐ.சி. றஞ்சிதத்தின் தாளை வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கம் புரட்டினார். ரோமர் செருப்பை விட்டுவிட்டு ஆகாயத்தில் பறக்கிற படத்தில் சிரித்தார். மற்றவர்களைக் கூப்பிட்டார். மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், இந்தச் சிரிப்பு அவளுக்கும் கேட்கும்.

திடீரென்று கேட்டார்: "இந்தச் சின்ன ஊர்க்காரர் யார் மிஸ்? சுற்றி இருக்கிற காம்ப் யாருடையது?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை சேர்."

"கடைசியில் யார் வெல்கிறது?"

"கடைசியில் சாப்பாடு சேர். ஒவ்வொரு புத்தகமும் விருந்தோடதான் முடியும்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். புத்தகம் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

27 மே, புதன்

எம்பசி இன்று. அவள் இன்னும் உள்ளே.

29 மே, வெள்ளி

விட்டார்கள். சவுந்தரநாயகமும் நானும் போய்க் கையெழுத்து வைத்தோம். டொக்டரின் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, ஓ.ஐ.சி. வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

த்ரீவீலரில் றஞ்சிதம் என் கையைப் பிடிக்கவில்லை. பம்பலப்பிட்டி தாண்டும்போது சொன்னாள். "இரவிரவாக் கேட்டவை டீச்சர். இந்தக் காம்ப் எங்க இருக்கு, இது எங்க இருக்கு எண்டு. எனக்கு வேறென்ன தெரியும்? அ கோஷ் எண்டன். அ துருவாத் எண்டன். அது என்ன பாஷை எண்டு அதுக்கும் அடிச்சவை."

லொட்ஜ் வாசலில் இறங்கும்போது கேட்டாள், "நீங்க ஏன் டீச்சர் முதல் நாளே வரேல்ல?"

பயந்துபோனேன், எரித்துவிட்டேன் என்றேன். அவள் மேலே போய்விட்டாள்.

4 நவம்பர், புதன்

எம்பசி மறுபடியும் கூப்பிட்டு றஞ்சிதத்துக்கு விசா கிடைத்ததாம். சவுந்தரநாயகம் சொல்லித்தான் தெரியும். பொலிஸ் விட்ட பிறகு அவள் வகுப்புக்கு வரவேயில்லை.

9 மார்ச் 1999, செவ்வாய்

பாரிசிலிருந்து ஒரு பார்சல். கடிதம் இல்லை. உள்ளே கோல்காரரின் முதலாவது புத்தகம், பிரெஞ்சில், புத்தம் புதிது. என்னை மன்னித்துவிட்டாளா? முகர்ந்து பார்த்தேன், புது மை வாசம். வெட்கமில்லாமல் அழுதேன்.

நாளைக்கு வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று ஒஸ்வால்ட் சொன்னார். கொண்டுபோகத்தான் வேணும். ஆனால் முதல் வேலை அந்த வரைபடத்தை வெட்டி எடுப்பது. அவருடைய சவரப் பிளேட்டை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

அந்தத் தாள் அங்கே இல்லை. தையலோரமாக, நேராக, அவளே வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள்.